மனுக்களைக் கிழித்த நீதிபதி

தாமஸ் கிட் எழுதிய 'ஸ்பானியத் துன்பியல்' லண்டன் மேடையேறி நானூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1580களில் பிறந்த அந்த நாடகத்தின் வழியேதான் பழிவாங்கும் கதை ஆங்கில மேடையில் வேரூன்றியது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' அதற்குப் பின் வந்தது. ஹாம்லெட்டின் தயக்கத்தைப் பற்றி உலகம் இன்னும் பேசித் தீர்க்கவில்லை. அவனுக்கு முன்பே அந்த மேடையில் நின்று தவித்த முதியவர் ஹியரானிமோவை ஏறக்குறைய மறந்துவிட்டோம். என் மனம் அவரிடமே போகிறது, ஏனெனில் அவர் ஒரு நீதிபதி. பிறர் வீட்டுக் கொலைகளுக்குத் தீர்ப்புச் சொல்லி வாழ்ந்தவர், ஓர் இரவு தம் வீட்டுத் தோட்டத்துக் கொடிப்பந்தலில் மகன் ஹொராஷியோ தூக்கில் தொங்குவதைக் காண்கிறார். கொன்றவர்களில் ஒருவன் லொரென்ஸோ, அரசனுடைய உடன்பிறப்பின் மகன்; இன்னொருவன் போர்த்துகல் இளவரசன்.

உணர்ச்சி அறிவை வென்ற கதை என்று இதைச் சொல்லிவிடுவது எளிது. நாடகமோ அப்படி நடக்கவில்லை. கொலையாளிகளின் பெயரைச் சொல்லும் கடிதம் ஒன்று, இரத்தத்தால் எழுதப்பட்டு, அவர் கைக்கு வருகிறது. அவர் வாளை எடுக்கவில்லை. இது தமக்கு விரித்த வலையாக இருக்கலாம் என்று ஐயுற்று, இரண்டாவது சான்றுக்காகக் காத்திருக்கிறார். வாழ்நாளெல்லாம் வழக்குகளைக் கேட்டுப் பழகிய அறிவு, நெஞ்சு எரியும்போதும் தன் வேலையை விடவில்லை. இடையில் வேறொரு கொலைக்குத் தண்டனை விதிக்கும் கடமையும் அவருக்கே வருகிறது. பிறருக்குத் தம் கையால் வழங்கும் நீதி தமக்கு மட்டும் எட்டாமல் இருப்பதை அப்போது வாய்விட்டுச் சொல்லிப் புலம்புகிறார். சான்று உறுதியானதும் அரசனிடம் ஓடுகிறார். வழிமறிப்பவன் லொரென்ஸோவேதான். அரண்மனைத் தரையைக் குறுவாளால் தோண்டி மகனைத் தேடும் தந்தையைப் பார்த்து, அரசன் பித்தன் என்று நினைக்கிறான். அடுத்து மக்கள் மனுக்களோடு அவரிடம் வருகிறார்கள். அவர்களில் பஸுல்டோ என்ற கிழவர், தம் மகனும் கொலையுண்டான் என்று முறையிடுகிறார். நீதிபதி அந்தத் தாள்களைப் பல்லால் கிழிக்கிறார். இந்த இடத்துக்குப் பிறகும் அறிவு அவரைவிட்டுப் போய்விடவில்லை. எஜமானை மாற்றிக்கொண்டது, அவ்வளவே. பழிவாங்கலுக்கு அவர் தேர்ந்தெடுக்கும் கருவி ஒரு நாடகம். பல மொழிகளில் வசனம், கொலையாளிகளுக்கே வேடம், அரச குடும்பமே பார்வையாளர். ஒரு நூல் பிசகாத திட்டம். கடைசியில், எழுதுகோலைச் சீவத் தந்த கத்தியால் குற்றமற்ற ஒருவரையும், லொரென்ஸோவின் தந்தையை, குத்திக் கொன்றுவிட்டுத் தாமும் மாய்கிறார்.

இந்தத் துயரத்துக்கு வெகு முன்பே ஒரு விடை எழுதப்பட்டிருந்தது. கி.மு. 458இல் ஏதென்ஸில் ஈஸ்கிலஸ் அரங்கேற்றிய முந்நாடகத்தின் முடிவில், தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸை விசாரிக்க அதீனா தெய்வம் அரியோபகஸ் குன்றில் ஒரு நீதிமன்றத்தை நிறுவுகிறாள். வாக்குகள் சமமாகப் பிரிகின்றன. அவன் விடுதலை பெறுகிறான். பழிதீர்க்கும் தெய்வங்களை அவள் விரட்டவில்லை. நகரத்துக்கு அடியிலேயே அவர்களுக்கு இடமும் வழிபாடும் தந்து அமர்த்துகிறாள். சினத்துக்கும் குடியிருக்க ஓரிடம் வேண்டும் என்பதை அறிந்த ஊர் அது. அந்த ஊரிலேயே, அந்த மன்றத்தின் அதிகாரங்களைக் குறைத்து, கொலை வழக்குகளை மட்டும் பெரிதும் அதனிடம் விட்டுவைத்த எஃபியால்டிஸ் சில ஆண்டுகளுக்கு முன்புதான் கொலையுண்டிருந்தார். பிறகு ரோமில் செனெகா வருகிறார். சினத்தை அடக்குவது பற்றி மூன்று நூல்கள் எழுதிய அதே கை, தம்பியின் பிள்ளைகளைக் கொன்று அவனுக்கே விருந்தாக்கும் அரசனைப் பற்றியும் எழுதியது. அக்கொலைகளை அவன் வேள்விச் சடங்கின் ஒழுங்கோடு செய்கிறான். கி.பி. 65இல் தம் மாணவன் நீரோவின் ஆணைக்குப் பணிந்து செனெகா உயிர்விட்டார். அவர் பெயரால் வழங்கிய பத்துத் துன்பியல்களும் 1581இல் ஆங்கிலத்தில் ஒரே நூலாக வெளிவந்தன. மூன்றாண்டு கழித்து, எலிசபெத் அரசிக்கு எவரேனும் தீங்கு செய்தால் அவரைத் தேடிக் கொல்வோம் என்று ஆயிரக்கணக்கான ஆங்கிலேயர் உறுதிமொழிப் பத்திரத்தில் ஒப்பமிட்டார்கள். பழிவாங்கலைச் சட்டமும் சமயமும் கண்டித்துவந்த நாட்டில், அரசவையே முன்னின்று நடத்திய காரியம் இது. சிறு கூட்டத்தின் வெறியைவிட, நிதானமாக வாசகம் வகுத்து முத்திரையிட்ட இந்தப் பழியுணர்ச்சிதான் எனக்கு அச்சம் தருகிறது. நாம் ஏதென்ஸின் மன்றத்துக்கு மட்டும் வாரிசுகள் அல்லோம். இந்தப் பத்திரத்துக்கும் வாரிசுகள்.

கிட்டின் தந்தை ஆவணம் எழுதும் தொழில் செய்தவர். முறையீட்டுத் தாள்களுக்கு நடுவே வளர்ந்த மகன் 1593இல் சந்தேகத்தின் பேரில் கைதாகி, சித்திரவதைப்பட்டு, வெளியே வந்தபின் அரசின் உயர் அதிகாரிக்குத் தாமே முறையீடு எழுதினார். மறு ஆண்டே, முப்பத்தைந்து வயதில், இறந்துபோனார். நாடகமோ அவருக்குப் பின்னும் ஓடியது. 1602இல் வந்த பதிப்பில் வேறொருவர் எழுதிய ஐந்து பகுதிகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி ஹியரானிமோவின் பித்தை வளர்ப்பவை. மக்கள் அதைத்தான் கேட்டார்கள் போலும். அவற்றுள் ஒன்றில் இன்னொரு தந்தை வருகிறார். அவர் ஓவியர், அவர் மகனும் கொலையுண்டவன், அவரும் நீதிதான் கேட்கிறார். ஹியரானிமோ வழக்கை விசாரிக்கவில்லை. தம் துயரத்தை வரைந்து தரும்படி அவரிடம் கேட்கிறார், பிறகு அவரை அடித்து விரட்டுகிறார், விரட்டிவிட்டு ஒரு புத்தகத்தோடு மேடைக்குத் திரும்புகிறார். பழிவாங்குதல் இறைவனுக்கே உரியது என்ற வேத வாக்கில் தொடங்கி, செனெகாவின் வரிகளைத் துணைக்கு வைத்து, வழக்கறிஞரைப் போல வாதம் மேல் வாதமாக அடுக்கி, கொல்லத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறார்.