ஐஸ் பெட்டிக்குள் ஈரப் பஞ்சு

"சுருட்டு வைக்க ஐஸ் பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன், உள்ளே எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும்?" என்று இந்த வருஷம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூவரும் ஏறக்குறைய என் வயசுக்காரர்கள். மகனோ மருமகனோ பிரான்சிலிருந்து வரும்போது ஒரு பெட்டி கியூபா சுருட்டு வாங்கி வருகிறான். 25 சுருட்டு. டாக்டருக்குத் தெரியாமல் மாசத்துக்கு ஒன்று என்று கணக்குப் போட்டால் இரண்டு வருஷம் தாங்க வேண்டும். உடனே ஒரு வீடியோ பார்க்கிறார்கள். பிக்னிக்குக்குக் கொண்டுபோகிற ஐஸ் பெட்டி, அதற்குள் மரப்பலகை, ஈரப் பஞ்சு, மூடி, முடிந்தது.

அவர்களுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். பெட்டி நல்ல பெட்டிதான். தண்ணீரைத் தூக்கிக் கொட்டுங்கள்.

அந்த வீடியோக்காரன் பொய் சொல்லவில்லை. அவன் குளிர் நாட்டுக்காரன். அங்கே வெளியே 0 டிகிரி இருக்கும்போது ஒரு கன மீட்டர் காற்றில் நிரம்ப நிரம்ப இருந்தாலும் 5 கிராம் நீராவிக்கு மேல் இருக்காது. அதே காற்றை வீட்டுக்குள் ஹீட்டர் போட்டு 20 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். பாரீஸில் குளிர்காலத்தில் இருந்துவிட்டு வந்தவர்களைக் கேளுங்கள், உதடு வெடித்த கதை சொல்வார்கள். அந்த வீட்டில் சுருட்டு ஒரே மாசத்தில் சருகாகும். சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 சதவீதம் ஈரம். ஆகவே அவன் தண்ணீர் வைக்கிறான், அது அவனுக்குச் சரி. புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு நாமும் வைப்பது என்ன நியாயம்? கார்த்திகை மழையில் நம் வீட்டு அப்பளம் என்ன கதிக்கு ஆகிறது? உப்பு ஜாடி என்ன ஆகிறது? காற்றே 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கிற ஊரில் சுருட்டுக்குத் தனியாகத் தாகம் தீர்க்கிறார்களாம்!

கணக்கும் சொல்கிறேன். 25 லிட்டர் ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் காற்று, 30 டிகிரியில் முழுக்க நனைந்த நிலையில்கூட, முக்கால் கிராம் தண்ணீரைத்தான் தாங்கும். முக்கால் கிராம். அதற்குள் அரை டம்ளர் தண்ணீரில் ஊறிய பஞ்சை வைக்கிறார்கள். மீதியெல்லாம் எங்கே போகும்? இலைக்குள்தான். சுருட்டு உப்பும், மேல் இலை வெடிக்கும், பற்றவைத்தால் ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் அணையும். பகலில் கூடத்தில் இருந்த பெட்டியை ராத்திரி ஏ.சி. அறைக்குத் தூக்கிப் போனால் உள்சுவர் முத்து முத்தாக வியர்க்கும். அடுத்து வெள்ளையாகப் படியும். அதை "பக்குவப்பட்ட அடையாளம், துடைத்துவிட்டுக் குடிக்கலாம்" என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். பெரும்பாலும் அது பூசணம்தான். மழைக்காலத்தில் ரெக்கார்டு ரூமில் கோப்புக் கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர ஒரு நிபுணர் தேவையில்லை.

அடுத்த மயக்கம், பெயர். ஐஸ் பெட்டி என்பதால் குளிர்ச்சி தரும் என்று நினைக்கிறார்கள். ஐஸ் போட்டால்தானே குளிர்ச்சி? அதன் சுவரில் இருக்கும் நுரை சூட்டைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இரண்டு நாள் கூடத்தில் இருந்தால் கூடத்தின் சராசரிச் சூடுதான் உள்ளேயும். பகல், ராத்திரி ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும், காற்றுப் புகாது, இந்த இரண்டு நன்மைதான் அதில் உண்டு. ஆங்கிலத்தில் இந்தச் சாதனத்துக்கு ஹ்யூமிடார் என்று பெயர், ஈரத்தை மட்டும் நினைவூட்டும் பெயர். நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சில் 'காவ் ஆ சிகார்' என்பார்கள். காவ் என்றால் நிலவறை. குளிர்ந்த, இருண்ட, வருஷமெல்லாம் ஒரே சூட்டில் இருக்கும் நிலவறை. எனக்கு இந்தப் பெயர்தான் நேர்மையாகப் படுகிறது. நம் ஊரில் தோண்டினால் தண்ணீர் வருமே தவிர நிலவறை வராது என்பது வேறு விஷயம்.

சூடு ஏன் முக்கியம் என்றால், பூச்சி. மல்லி டப்பாவிலும் மஞ்சள் கிழங்கிலும் வருமே, குண்டூசித் தலை அளவு பழுப்பு வண்டு, அதேதான் புகையிலையையும் தின்கிறது. இலையில் முட்டை இருந்தால் 30 டிகிரிச் சூடும் நல்ல ஈரமும் அதற்குப் பிரசவ ஆஸ்பத்திரி. ஊசி போட்டதுபோல் ஓட்டை விழுந்த சுருட்டைப் பார்த்தீர்களானால் பக்கத்தில் உள்ளவையும் சந்தேகத்துக்குரியவைதான்.

செய்ய வேண்டியது இதுதான். புதுப் பெட்டியாக வாங்குங்கள், வஞ்சிரம் வைத்த பெட்டியை எத்தனை முறை கழுவினாலும் அது வஞ்சிரத்தை மறக்காது. புதியதிலும் பிளாஸ்டிக் நெடி இருக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் துடைத்து, நிழலில் நான்கைந்து நாள் திறந்து வையுங்கள். அடியில் தண்ணீர் போக ஓட்டை இருந்தால் அடைப்பு இறுக்கமாக இருக்க வேண்டும். சுருட்டுகளை அவை வந்த மரப்பெட்டியோடு கெட்டியான பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போகாமல் கட்டி ஃப்ரீசரில் மூன்று நாள், பிறகு கீழ்த்தட்டில் ஒரு நாள், பிறகு அறையில் ஒரு நாள் வைத்துவிட்டு உறையைப் பிரியுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் இலை வியர்க்கும். அந்த மரப்பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்பானிஷ் சிடார் என்று பெயர் இருந்தாலும் அது சிடார் இல்லை, நம் வேம்பின் குடும்பத்து மரம். தனியாகப் பலகை வாங்கத் தேவையே இல்லை.

பஞ்சுக்குப் பதிலாக 65 என்று அச்சிட்ட ஈரப்பத உறை கிடைக்கிறது. அதிக ஈரத்தை உறிஞ்சும், குறைந்தால் கொடுக்கும். ஒரு சின்ன ஈரப்பதமானியும் வேண்டும். அதையும் சோதித்துவிட்டு நம்புங்கள்: பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, கூழாக இருக்கையில் மானியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு நாள் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் 5 கூட்டிப் படியுங்கள். பெட்டியைத் தினமும் ஏ.சி. ஓடுகிற அறையில், கட்டிலுக்கு அடியில், ஒரே இடத்தில் வைத்துவிடுங்கள். ஏ.சி. இல்லாத வீடானால் இந்த முயற்சியே வேண்டாம், வந்த சுருட்டை நண்பர்களுக்குக் கொடுத்து இரண்டு மாசத்தில் தீர்த்துவிடுவது உத்தமம்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. ஆங்கிலேயன் 'செரூட்' என்று சொல்வது நம் 'சுருட்டு' என்ற சொல்லைத்தான். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே கொலைகாரன் குடித்தது திருச்சிச் சுருட்டு என்று சாம்பலை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் தொழிற்சாலை வைத்து உலகத்துக்கு அனுப்பியது. நம் பாட்டன்மார் அதை மடியில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள், எந்தப் பெட்டியும் கேட்கவில்லை. ஒரு கட்டு வாங்கினால் அந்த வாரத்திலேயே தீர்ந்தது. மருமகனிடம் அடுத்த முறை சீஸ் வாங்கி வரச் சொல்லுங்கள், அதற்கு இந்த ஐஸ் பெட்டி நன்றாக உதவும்.