சாவியைக் கொடுத்தேன், பாஸ்வேர்டு?

ஓய்வு பெற்ற அன்று பீரோ சாவி, ரப்பர் ஸ்டாம்பு, அடையாள அட்டை எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக்கொண்டுதான் என்னை விட்டார்கள். கம்ப்யூட்டரில் இருந்த என் பெயரைப் பற்றி யாரும் பேசவில்லை. எட்டு மாதம் கழித்துப் பென்ஷன் விஷயமாகப் போனால், என் பெயரிலேயே ஒரு பையன் பதிவு போட்டுக்கொண்டிருக்கிறான்! "சார், இன்னும் உங்க ஐடிதான் ஓடுது" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளை ஒரு தப்பு நடந்தால் தணிக்கையில் யார் பெயர் வரும்?

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'ரோல்' என்றால் நாடக வேடம். டேட்டாபேஸிலும் பயனர் பெயருக்கு அதே சொல்தான். ஆனால் இந்த வேடத்தைக் கலைப்பது லேசில்லை. போஸ்ட்கிரெஸ் மென்பொருளில் 'டிராப் ரோல்' என்று அடித்தால், அந்தப் பெயரில் ஒரு அட்டவணையோ அனுமதியோ மிச்சமிருந்தாலும் மறுத்துவிடும் என்று பேரன் காட்டினான். முதலில் 'ரீஅசைன் ஓன்டு' போட்டு உடைமைகளை வேறொருவருக்கு மாற்ற வேண்டும். பிறகு 'டிராப் ஓன்டு' போட்டு மிச்ச அனுமதிகளைப் பறிக்க வேண்டும். நாலு டேட்டாபேஸ் இருந்தால் நாலிலும். வரிசை மாறினால் அட்டவணையே போய்விடும்! நம் சார்ஜ் ஒப்படைப்பு மாதிரிதான்.

பயமாக இருந்தால், 'நோலாகின்' என்று ஒரே வரியில் நுழைவதையாவது அன்றைக்கே தடுக்கலாமே. விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போடும் அதிகாரி முதலில் இதைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. மனு எழுதிக் கொடுத்துவிட்டு, ரசீதும் வாங்கி வந்திருக்கிறேன்.