எத்தனை காத்தாடி, எவ்வளவு பெருசு?

மன்னார் காற்றாலை விஷயத்தைக் கண்டியில் எடுத்தால் ரெண்டு பதில்தான் வரும். "கரண்ட் வேணும்தானே, ஏன் எதிர்க்கிறாங்க?" இது முதலாவது. "அந்தக் கம்பனிக்காரனுக்குத்தான் லாபம்" என்பது ரெண்டாவது. ரெண்டிலுமே கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனா மன்னார் மக்கள் கேட்கிற கேள்வியை ரெண்டுமே தொடுவதில்லை. ஒரு சின்னத் தீவில் எத்தனை காத்தாடி நிற்கலாம், ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், இதை யார் தீர்மானிப்பது? அதுதான் கேள்வி.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். அம்பேவெலவுக்கு ட்ரிப் போன எல்லாருடைய போனிலும் அந்தக் காத்தாடிப் படம் இருக்கும். அங்கே நிற்பவை 12. ஒவ்வொன்றும் 250 கிலோவொட், மொத்தம் 3 மெகாவொட். மன்னாரில் மின்சார சபையின் தம்பபவனி 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்கே 30 காத்தாடிகள், ஒவ்வொன்றும் 3.45 மெகாவொட், மொத்தம் 103.5. அதாவது மன்னாரின் ஒரே ஒரு காத்தாடி, அம்பேவெலவின் பன்னிரண்டையும் சேர்த்தாலும் அதைவிடப் பெரியது. அம்பேவெல சைஸில் 100 மெகாவொட் வேண்டுமென்றால் 400 நட வேண்டும்.

ஏன் இப்படி? காத்தாடி பிடிக்கிற சக்தி, இறக்கை சுற்றும் வட்டத்தின் பரப்பைப் பொறுத்தது. விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் சக்தி நான்கு மடங்கு. காற்றின் வேகம் இன்னும் பெரிய ஆள். விநாடிக்கு 6 மீற்றர் 7 மீற்றராக மாறினாலே சக்தி கிட்டத்தட்ட 60 வீதம் கூடும். உயரப் போகப் போகக் காற்று வேகமாகவும் சீராகவும் வீசும். அதனால் உயரமான கோபுரம், நீளமான இறக்கை, குறைந்த எண்ணிக்கை. உலகம் முழுக்க இந்தப் பக்கம்தான் போகிறார்கள். நம்ம நாட்டிலேயே 1999இல் ஹம்பாந்தோட்டையில் 600 கிலோவொட்டில் ஐந்து வைத்துத் தொடங்கினோம். பளையில் 1.5 மெகாவொட் வந்தது. மன்னாரில் இப்போது ஐந்து மெகாவொட்டுக்கு வந்துவிட்டோம்.

அப்போ அம்பேவெலவிலும் பெருசா வைக்கலாமே என்று கேட்கலாம். தம்பபவனியில் இருப்பவற்றின் விட்டம் 126 மீற்றர். ஒரு இறக்கை மட்டும் 60 மீற்றரைத் தாண்டும், அதை மடிக்கவும் முடியாது. இறம்பொடை வளைவுகளில் நுவரெலியா பஸ் திரும்பும்போதே நாம கண்ணை மூடிக்கிறோம். அந்த லொறி எப்படித் திரும்பும்? வீதியை அகலமாக்க மலையை வெட்டணும், கிரேன் நிற்கச் சமதளம் வெட்டணும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு எத்தனை மலைச்சரிவுகள் இறங்கின என்று பார்த்த பிறகு, அந்த யோசனையை மேசைக்குக் கொண்டுவரவே தைரியம் வேணும். போதாததுக்கு அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 15 வீதம் குறைவு. அதே வேகத்தில் வீசினாலும் அதே அளவு மின்சாரம் வராது.

ஆக மலைநாட்டில் காத்தாடியின் அளவை முடிவு செய்தது மலை. வளைவும் சரிவும் சொன்னதை இஞ்சினியர்கள் கேட்டார்கள். மன்னார் தட்டை நிலம். லொறியை மறிக்க மலை இல்லை, அதனால் மனிதர்கள் மறித்தார்கள். 2025 ஓகஸ்டில் போராட்டம் வலுத்ததும் ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்தச் சொன்னார். பிறகு வேலையைத் தொடரலாம் என்று முடிவானது. செப்டெம்பர் கடைசியில் பாகங்களை ஏற்றிய வாகனங்கள் வந்த இரவு, குறுக்கே நின்ற மக்களைப் பொலிசார் பலம் கொண்டு அகற்றினார்கள்.

அப்போது பேச்சில் இருந்தவை 14 காத்தாடிகள், மொத்தம் 70 மெகாவொட். முப்பது நிற்கிற இடத்தில் இன்னும் பதினாலுதானே என்று கொழும்பிலிருந்து பார்த்தால் தோன்றும். மன்னாரிலிருந்து பார்த்தால் கணக்கு வேற. ஆரம்பத் திட்டத்தில் அந்தத் தீவுக்கு மொத்தம் 375 மெகாவொட் என்று போட்டிருந்தார்கள். அதானி கம்பனி அங்கே 250 மெகாவொட்டுக்கு 52 காத்தாடிகள் வைக்க வந்தது. எதிர்ப்பு, வழக்கு, ஒரு அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலைச் சண்டை எல்லாம் கடந்து 2025 பெப்ரவரியில் விலகிப் போனது. புதுசா வருகிற ஒவ்வொரு காத்தாடியையும் வரிசையின் தொடக்கமாகத்தான் அந்த மக்கள் பார்க்கிறார்கள். இல்மனைட் மணலுக்கும் அதே தீவையே குறிவைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"பெருசா வச்சா எண்ணிக்கை குறையும், பிரச்சினையும் குறையும்" என்பது பாதி உண்மை. எண்ணிக்கை குறையும்தான். ஆனா ஒவ்வொன்றின் கொங்கிரீட் அத்திவாரமும் பெருக்கும். கனமான கிரேன் போகும் வீதியை உயர்த்திக் கட்ட வேண்டும். மழை வெள்ளம் கடலுக்கு ஓடும் வழியை இந்த வீதிகள் மறித்துவிட்டன என்பது மன்னார் மக்களின் முக்கியமான முறைப்பாடு. பறவைகளுக்கும் அப்படித்தான். பெரிய காத்தாடி மெதுவாகச் சுற்றுவது போலத் தெரியும். இறக்கை நுனியின் வேகமோ மணிக்கு 250 கிலோமீற்றரைத் தாண்டும். மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகள் இறங்குகிற இடம் அது. பக்கத்திலேயே வங்காலை, ராம்சார் ஈரநிலம். தம்பபவனியில் பறவைகளைக் கவனிக்க ராடார் வைத்தார்கள், நல்ல விஷயம். ஆனா ராடார் இருக்கு என்பதற்காக எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போக முடியாது.

நான் காற்றாலைக்கு எதிரானவன் இல்லை. 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்கதாக வேணும் என்று நாடு சொல்கிறது. எரிபொருளுக்கு டொலர் இல்லாமல் 2022இல் இருட்டில் உட்கார்ந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெரிய காத்தாடி, குறைந்த எண்ணிக்கை என்பதுதான் தட்டை நிலத்துக்குப் பொதுவாகச் சரி என்றும் நினைக்கிறேன். என் சண்டை வரிசையோடுதான். முதலில் மெகாவொட் முடிவாகிறது. அப்புறம் விலைமனு. மலிவான யுனிட் யார் தருகிறார்களோ அவர்களுடைய சைஸ், அவர்களுடைய எண்ணிக்கை. எல்லாம் முடிந்த பிறகு சுற்றாடல் அறிக்கை, 30 வேலை நாட்களில் கருத்துச் சொல்லுங்கள் என்ற பத்திரிகை அறிவித்தல். அந்த நேரத்தில் ஒரு மீனவர் என்ன சொன்னாலும் இரண்டு காத்தாடி கொஞ்சம் தள்ளிப் போகும், அவ்வளவுதான்.

தலைகீழாக யோசிக்கலாம். முதலில் வரைபடத்தில் வெள்ளம் ஓடும் வழி, வாடி, பனங்காடு, வீடு, பறவை இறங்கும் இடம் எல்லாவற்றையும் குறியுங்கள். மிச்சம் இருக்கும் இடத்தில், காத்தாடிகளுக்கு இடையே விட வேண்டிய தூரத்தையும் விட்டு (வழக்கமாக விட்டத்தைப் போல ஐந்து மடங்காவது வேண்டும், இல்லாவிட்டால் முன்னுக்கு நிற்பது பின்னுக்கு நிற்பதன் காற்றைத் திருடும்) எத்தனை வருகிறதோ அதுதான் எண்ணிக்கை. மெகாவொட் அதிலிருந்து வரட்டும். 40 வந்தால் 40.

இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நம்ம பக்கத்திலேயே பதில் இருக்கு. மேல் கொத்மலைத் திட்டத்தில் முதலில் இன்னும் பல அருவிகளின் தண்ணீரைத் திருப்புவதாக இருந்தது. எதிர்ப்பு வந்தது, திட்டம் சுருங்கியது. சென் கிளேயர் அருவிக்குப் பகலில் பத்து மணித்தியாலம் தண்ணீர் விட மின்சார சபை ஒத்துக்கொண்டது. 150 மெகாவொட் நிலையம் 2012இல் ஓடத் தொடங்கியது. தலவாக்கலையில் வீடு மாறிய குடும்பங்களின் கதை தனி, அதை இங்கே சுருக்கினால் அநியாயம். ஆனா மக்கள் பேசினால் பொறியியல் மாறும் என்பதற்கு அது சாட்சி.

மன்னாரில் மக்களின் சம்மதம் இல்லாமல் இனிப் புதுத் திட்டம் இல்லை என்று அரசாங்கம் சொல்லியிருக்கு. சம்மதம் கேட்கப் போகிறவர்கள் கையில் ஒரே ஒரு வரைபடத்தைக் கொண்டுபோக வேண்டாம். பெரியதில் பத்து, நடுத்தரத்தில் பதினைந்து, ஒன்றுமே வேண்டாம் என்று மூன்றையும், ஒவ்வொன்றிலும் யுனிட் விலை எவ்வளவு கூடும் என்பதோடு, தமிழில் எழுதிக் கொண்டுபோகட்டும். ஒரு ரூபாய் கூடினால் அதைக் கட்டப் போவது கண்டியில் இருக்கிற நாமளும்தான். கட்டுவோமா என்று நம்மிடமும் கேட்கட்டும்.