கிடாரில் ஒரு கீர்த்தனை



நேற்று பேரன் என் காதில் இயர்போனை மாட்டி ஒரு பாட்டைக் கேட்க வைத்தான். பெங்களூரின் 'அகம்' ராக் குழு 2012இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தில் வரும் 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி'. பெயர்தான் ஆங்கிலம். பாட்டு தியாகராஜரின் 'பண்டுரீதி கொலு', ஹம்சநாத ராகம். எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் முழங்க ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் பாடுகிறார்.

"இது அபச்சாரம் சார்" என்றார் பக்கத்து வீட்டு நண்பர். டிரம்ஸ் சத்தம் என் காதுக்கும் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அபச்சாரம் என்று எனக்குத் தோன்றவில்லை. வயலின்கூட வெள்ளைக்காரர் வாத்தியம்தானே? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி அதைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடியுமா?

ஸ்ரீரங்கத்தில் இத்தனை மார்கழிகளாக இந்தக் கீர்த்தனையைக் கேட்டிருக்கிறேன். அதன் பொருளைத் தேடிப் படித்தது நேற்றுதான். காமம் முதலான பகைகளை வீழ்த்தும் காவல் சேவகனாகத் தன்னை வைத்துக்கொள்ளும்படி ராமனிடம் வேலை கேட்கிறார் தியாகராஜர். அதைத் தேட வைத்தது அந்தக் கிடார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு ஆண்டு விழாவில் கிடாரோடு வந்த மாணவனை "இதெல்லாம் இங்கே வேண்டாம்" என்று மேடை ஏற விடாமல் அனுப்பினேன். தம்பி, இதைப் படிப்பாய் என்று நம்புகிறேன். தப்பு என்னுடையது. அடுத்த முறை திருச்சி வந்தால் கிடாரோடு வீட்டுக்கு வா. திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறேன்.