திரைக்கு முன் யார் அமர்வது?

உலக நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பான ‘இஃப்லா’ 1992-ல் புது தில்லியில் மாநாடு நடத்தியது. நூலகத் துறைக்கு நம் சீர்காழி தந்த எஸ். ஆர். ரங்கநாதனின் நூற்றாண்டும் அவ்வருடமே. புனேயிலிருந்து தில்லிக்கு ரயிலில் ஒரு நாளுக்குச் சற்றே அதிகம். ஆயினும் விடுப்பும் பயணப்படியும் இல்லாத சிறு நூலக ஊழியருக்கு அது எட்டாத தூரம்தான்.

2021 ஆகஸ்டில், கொரோனா காரணமாக, அம்மாநாடு முழுவதும் இணையத்திலேயே நடந்தது. விமானம், விசா, ஓட்டல் செலவு எதுவும் இல்லை. ஆனால் மொழி? இஃப்லாவின் அலுவல் மொழிகள் ஏழு. அவற்றில் தமிழோ, மராத்தியோ, இந்தியோ கிடையாது. நம் ஊர்ப்புற நூலகர் திரைக்கு முன் அமர்ந்தால் போதுமா, புரிய வேண்டாமா? அகலப்பாதை போட்டுவிட்டு வண்டியை நிறுத்தாமல் போனால் சிற்றூர்க்காரர்கள் எப்படி ஏசுவார்கள் என்பது ரயில்வேக்காரனான எனக்குத் தெரியும்!

இனி இத்தகைய மாநாடு இணையத்தில் வரும்போது, வட்டார நூலகர்கள் ஓரிடத்தில் கூடிப் பார்த்து, அமர்வு முடிந்ததும் தம் மொழியில் விவாதிக்க வேண்டும். நம் சங்கமே ஒரு ஹாலும், பெரிய திரையும், மொழிபெயர்த்துச் சொல்ல இருவரையும் ஏற்பாடு செய்யலாம். செலவு காபி, டிபனோடு சரி. மராத்தி அன்பர்களையும் அவசியம் அழைக்க வேண்டும்; புனே நகர் வாசன் மந்திரை 1848-லேயே தொடங்கிய ஊர் இது.