இன்னும் ஒன்று

சிங்கர் என்றால் நமக்குத் தையல் மெஷின். பாட்டியின் கல்யாணச் சீராக வந்து, அம்மா காலம் வரை ஓடி, இப்போது பல வீடுகளில் துணி மூடிய மேசையாக நிற்கிறதே, அதைச் செய்த கம்பெனி. அதே கம்பெனி 500 பிஸ்டல்களும் செய்திருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு ஆயத்தமான அமெரிக்க ராணுவம், ஆயுதமே செய்து பழகாத தொழிற்சாலைகளிடம் "கொஞ்சம் செய்து காட்டுங்கள், பார்ப்போம்" என்று சோதனை ஆர்டர்கள் கொடுத்தது. சிங்கருக்கு வந்தது .45 காலிபர் எம்1911ஏ1 பிஸ்டல். எஸ்800001இல் தொடங்கி எஸ்800500 வரை எண் குத்தி 1941இல் செய்து முடித்தார்கள். அப்புறம் பிஸ்டல் செய்யும் கருவிகளையெல்லாம் வேறு கம்பெனிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, விமான எதிர்ப்பு பீரங்கிகளுக்குக் குறி கணக்கிடும் கருவி செய்யப் போய்விட்டார்கள்.

அந்த 500இல் ஒன்று 2017இல் 4 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

அமெரிக்காவில் துப்பாக்கி சேர்ப்பவர்களிடம் "எப்போது உங்கள் சேகரிப்பு முழுமையடையும்?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பதற்கு இந்த சிங்கர் நல்ல உதாரணம். போர்க்காலத்தில் அந்த பிஸ்டலைச் செய்தவை ஐந்தே கம்பெனிகள். கோல்ட், இதாகா இரண்டும் துப்பாக்கிக்காரர்கள். ரெமிங்டன் ராண்ட், நம் ஊர் தட்டச்சுப் பள்ளிகளில் பிள்ளைகள் விரல் ஒடித்த அதே டைப்ரைட்டர் பரம்பரை. யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் ரயில்வே சிக்னல் செய்த கம்பெனி. ஐந்தாவது சிங்கர். ஐந்தையும் வாங்கிவிட்டால் கதை முடிந்தது. நான்கை நடுத்தர வர்க்க மனிதர் ஆயுள் முழுக்கச் சேமித்து வாங்கிவிடலாம். ஐந்தாவதுக்கு வீட்டை விற்க வேண்டும். எத்தனையோ பேரின் அலமாரியில் நான்கு பிஸ்டல்களும் ஓர் ஏக்கமும் இருக்கின்றன.

சரி, பணம் இருந்து எல்லாவற்றையும் வாங்கிவிட்டால்? அதுவும் நடக்காது என்பதற்கு எம்1 கார்பைன் சாட்சி. அதே போரில் 60 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட எடை குறைந்த ரைஃபிள். செய்தவை பத்து கம்பெனிகள். அந்தப் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும். கம்ப்யூட்டருக்குப் பேர்போன ஐபிஎம் அதில் உண்டு. அண்டர்வுட் டைப்ரைட்டர் கம்பெனி உண்டு. காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் செய்த ராக்-ஓலா உண்டு. கிராண்ட் ராபிட்ஸ் நகரத்து நாற்காலி, மேசைக்காரர்கள் இர்வின்-பெடர்சன் என்ற பெயரில் இறங்கிச் சரிவராமல் போக, சாகினா கம்பெனி அவர்கள் ஆலையை எடுத்து நடத்தியது. அதனால் இர்வின்-பெடர்சன் பெயர் குத்திய கார்பைன் அபூர்வம். சேர்ப்பவர்கள் அதைத்தான் கடைசிவரை தேடுகிறார்கள்.

தேடிக் கண்டுபிடித்துப் பத்தையும் வரிசையாக நிறுத்தியவருக்கு அன்று ராத்திரியே அடுத்த கவலை பிடித்துக்கொள்ளும். போர் முடிந்ததும் ராணுவம் இந்தத் துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுதுபார்த்து, கைக்குக் கிடைத்த பாகத்தைப் போட்டு மறுபடி பூட்டியது. ராக்-ஓலா உடலில் அண்டர்வுட் குழல், இன்லாண்ட் கம்பெனி போல்ட், எவனோ செய்த கட்டை. ராணுவத்துக்குத் துப்பாக்கி வெடித்தால் போதும். சேர்ப்பவருக்கு ஒவ்வொரு பாகத்திலும் அந்தத் துப்பாக்கிக்குரிய முத்திரை இருக்க வேண்டும். லென்ஸை வைத்துக்கொண்டு சின்னச் சின்ன ஆங்கில எழுத்துகளைப் படிப்பார்கள். பின்பக்கக் குறிபார்க்கும் துளைக்கு ஒரு தேடல், பட்டை வளையத்துக்கு ஒரு தேடல், திருகாணிக்கு ஒரு தேடல். இந்த ஆசையை நம்பிப் போலி முத்திரை குத்தி விற்பவர்களும் தொழில் நடத்துகிறார்கள். பத்து என்று தொடங்கிய கணக்கு பத்துத் துப்பாக்கியின் அத்தனை பாகங்கள் என்று பெருகிவிடும்.

இவர்கள்மேல் எனக்கு ஒருவிதப் பிரியம் உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். நவராத்திரிக்கு நவராத்திரி கொலுவுக்குப் புது பொம்மை ஒன்றாவது வாங்கியே தீரும் வீட்டில் வளர்ந்தவள் நான். படி நிறைந்துவிட்டது என்று எங்கள் அம்மா ஒரு வருஷமும் சொன்னதில்லை.

ஆனால் அமெரிக்காவில் துப்பாக்கி வாங்குகிறவர்களில் இந்த முத்திரை பார்க்கும் கூட்டம் சிறியது. பியூ ஆய்வு மையம் 2023இல் எடுத்த கணக்கில், துப்பாக்கி வைத்திருப்பதற்குச் சேகரிப்பு ஒரு முக்கியக் காரணம் என்றவர்கள் நூற்றுக்கு 15 பேர்தான். பாதுகாப்பு என்றவர்கள் 72 பேர். அந்த நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் துப்பாக்கி இருக்கிறது. 2017ஆம் ஆண்டு நிலவரப்படி மக்கள் கையில் 39 கோடியே 30 லட்சம் துப்பாக்கிகள் இருப்பதாக ஜெனீவாவின் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே மதிப்பிட்டது. கைக்குழந்தைகளையும் சேர்த்து எண்ணினாலும் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் வருகிறது. இதைவிட எனக்கு வியப்பான கணக்கு 2015இல் ஹார்வர்ட், நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்தது. வயது வந்தவர்களில் வெறும் 3 சதவீதம் பேரிடம் நாட்டின் துப்பாக்கிகளில் பாதி இருக்கிறது. அவர்களிடம் சராசரியாக ஆளுக்கு 17.

17 எதற்கு? வேட்டைக்காரரைக் கேட்டால் நியாயமான கணக்கு சொல்வார். அணிலுக்கும் முயலுக்கும் .22. மானுக்கு .308 அல்லது .30-06. வாத்துக்கு 12 போர் ஷாட்கன். பையன் தோளுக்கு 12 போர் உதைக்கும், அவனுக்கு 20 போர். இடுப்பில் செருகிக்கொள்ளச் சின்ன பிஸ்டல், கட்டிலருகில் பெரிய பிஸ்டல், தாத்தா விட்டுப்போன வின்செஸ்டர். இதற்குள்ளேயே ஏழெட்டு ஆகிவிட்டது. ஏஆர்-15 வகை ரைஃபிள் தனி உலகம். சட்டத்தின் கண்ணில் அதன் கீழ் உடற்பகுதி மட்டுமே துப்பாக்கி. குழல், பிடி, தொலைநோக்கி எல்லாம் வெறும் உதிரிப்பாகங்கள், தபாலில் வரும். மாற்றி மாற்றிப் பூட்டிக்கொண்டே இருக்கலாம்.

டெக்ஸஸில் என் தோழியின் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், ஆள் உயர இரும்புப் பெட்டகத்தைத் திறந்து எனக்கு எல்லாவற்றையும் காட்டினார். ஒவ்வொன்றையும் எடுத்ததும் முதலில் தோட்டா இல்லை என்று பார்த்து, என்னையும் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கதை சொன்னார். இடமே இல்லையே, இதோடு நிறுத்திவிடுவீர்களா என்று கேட்டேன்.

"ஆமாம்மா, இடமில்லை. அதனால்தான் பெரிய பெட்டகமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குள் புழங்கும் நகைச்சுவைகள் சட்டப் புத்தகத்தைவிட அதிகம் சொல்கின்றன. "நான் செத்தபிறகு, எவ்வளவுக்கு வாங்கினேன் என்று நான் சொன்னேனோ அந்த விலைக்கே என் மனைவி இதையெல்லாம் விற்றுவிடக் கூடாது, கடவுளே" என்பது ஒன்று. அரசாங்கம் வந்து கேட்டால் "எல்லாம் படகு கவிழ்ந்து ஏரியில் போய்விட்டது" என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது இன்னொன்று. வாங்கியதற்காக வருந்தியவன் கிடையாது, விற்றதற்காக வருந்தாதவன் கிடையாது என்பார்கள். ஒரே ஒரு துப்பாக்கி வைத்திருப்பவனிடம் ஜாக்கிரதையாக இரு, அவனுக்கு அதைச் சுடத் தெரிந்திருக்கும் என்றும் அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள்.

படகு நகைச்சுவைக்கு அடியில் ஒரு நிஜமான பயம் இருக்கிறது. நாளைக்குத் தடை வந்தால்? 1986 மே மாதத்துக்குப் பின் செய்த இயந்திரத் துப்பாக்கியைச் சாதாரணக் குடிமகன் வாங்க முடியாது என்று ஆனபோது, அதற்கு முன் பதிவானவற்றின் விலை எகிறி, இன்று கார் விலையைத் தாண்டி நிற்கிறது. சோவியத் ராணுவத்தின் பழைய மோசின்-நாகண்ட் ரைஃபிள்கள் ஒரு காலத்தில் 100 டாலருக்கும் குறைவாகப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. வரத்து நின்றதும் விலை பல மடங்கானது. இரண்டையும் பார்த்தவர் மனதில் ஒரே பாடம்: கிடைக்கும்போது வாங்கிவிடு. 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டதும் கடைகளில் ரைஃபிள்கள் தீர்ந்துபோனதற்கு, சட்டம் வந்துவிடும் என்ற இந்த அச்சமே காரணம். கொரோனாவும் தேர்தலும் தெருக் கலவரங்களும் சேர்ந்து வந்த 2020இல், துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் தேசிய அமைப்புக்கு வந்த விசாரணைகள் 3 கோடியே 97 லட்சம். எல்லாமே விற்பனையில் முடிந்தவை அல்ல என்றாலும், அதுவரை காணாத எண்ணிக்கை.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முத்திரை தேடும் மனிதரின் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் அது ஒரு பட்டியல். விலை தெரியும், எது இல்லை என்று தெரியும், பணமோ வயதோ ஒருநாள் கையைப் பிடித்து நிறுத்தும். பயத்தில் வாங்குகிறவருக்கு அப்படி ஒன்றுமே இல்லை. திருடன் ஒருவனுக்கு ஒரு துப்பாக்கி போதும். வரப்போகிற ஏதோ ஒன்றுக்கு எத்தனை போதும் என்று யார் சொல்வது? அதனால் 17க்கு அப்புறம் 18.

ஓக்லஹோமா மாநிலத்தின் கிளேர்மோரில் ஜே. எம். டேவிஸ் என்றொரு ஓட்டல்காரர் இருந்தார். ஏழு வயதில் மருந்து குடிக்க அடம்பிடித்த பையனுக்கு அவர் அப்பா, குடித்தால் துப்பாக்கி தருகிறேன் என்று ஆசை காட்டினாராம். அங்கே தொடங்கியது. மேசன் ஓட்டலின் சுவர்களெல்லாம் துப்பாக்கியாகி, 12,000ஐத் தாண்டியது. 1965இல் மாநில அரசுக்கு ஒரு டாலருக்கு ஒப்படைத்தார். நான்கு வருஷத்தில் அங்கே அருங்காட்சியகம் திறந்தது. 1973இல் அவர் காலமானார். முழுமையாகிவிட்டது என்று கொடுத்தாரா, அலுத்துப்போய்க் கொடுத்தாரா என்பதை அவரோடு கொண்டு போய்விட்டார்.

நம் நாட்டில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. சட்டம் பதில் சொல்லிவிட்டது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 1983இல் வந்த திருத்தம் ஒருவருக்கு மூன்று என்றது. 2019 திருத்தம் அதை இரண்டாக்கி, மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கச் சொன்னது. துப்பாக்கிச் சுடும் வீரர்களுக்கு விலக்கு உண்டு. தாத்தாவின் பழைய இரட்டைக் குழலை விட மனமில்லாமல் புலம்பிய குடும்பங்கள் இருக்கும். இருந்தாலும் இரண்டு என்பதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

அமெரிக்காவுக்கு அந்த இரண்டைச் சிபாரிசு செய்ய எனக்கு உரிமை இல்லை. 1791இல் அரசியல் சாசனத்தில் எழுதியதை 2008இல் அவர்கள் உச்ச நீதிமன்றம் தனிமனித உரிமை என்று உறுதி செய்திருக்கிறது. எண்ணிக்கை அவர்கள் பாடு. என் கவலை பெட்டகத்துக்குள் இருக்கும் 16ஐப் பற்றியும் அல்ல. கட்டிலருகில் இருக்கிறதே அந்த ஒன்று, தோட்டா நிரப்பி, பூட்டாமல். 3 சதவீதக் கணக்கு எடுத்த அதே 2015 ஆய்வின்படி, அப்படிப்பட்ட துப்பாக்கி இருக்கும் வீடுகளில் வாழும் குழந்தைகள் 46 லட்சம். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. வெளியே இருந்து வரும் ஆபத்துக்காக வாங்கியது, வீட்டுக்குள் இருப்பவரின் ஒரு கெட்ட ராத்திரிக்குக் கையில் கிடைத்துவிடுகிறது.

இந்தப் பத்தியை டல்லாஸிலோ நியூ ஜெர்சியிலோ உட்கார்ந்து படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பிள்ளை சிநேகிதன் வீட்டுக்கு விளையாடப் போகும்முன், வேர்க்கடலை அலர்ஜி பற்றிச் சொல்வீர்கள், நாய் இருக்கிறதா என்று கேட்பீர்கள். கூடவே "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்றும் கேட்டுவிடுங்கள். அங்கத்திய குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்லும் கேள்விதான். பொறுப்பாக வைத்திருப்பவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். என் தோழியின் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்டால் சாவியையே எடுத்துக் காட்டுவார்.