சாவியை வாங்கினீர்களா?

வேலையை விட்டுப் போகிறவரிடம் கடைச் சாவியைத் திருப்பி வாங்குகிறோம். கம்ப்யூட்டர் சாவியை வாங்குகிறோமா?

இன்று பல நிறுவனங்களின் கடிதங்களும் கணக்கு வழக்குகளும் அலமாரியில் இல்லை. கூகுள், மைக்ரோசாப்ட் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் இருக்கின்றன. அவற்றைத் திறக்கும் சாவிதான் 'பாஸ்வேர்டு' என்னும் ரகசியச் சொல்.

ஒருவர் விலகும் அன்றே, அவருடைய ரகசியச் சொல் செல்லாதபடி நிர்வாகி செய்துவிட வேண்டும்.

ஆனால், ஆத்திரத்தில் அவர் பெயரையே நீக்கிவிடக் கூடாது! நீக்கினால், அவருக்கு வந்த ஆர்டர்களும் வாடிக்கைக்காரர் கடிதங்களும் சேர்ந்து போய்விடும். மீட்பதற்குப் பொதுவாகக் கூகுள் தரும் கெடு 20 நாள். மைக்ரோசாப்ட் தருவது 30 நாள். கெடு தாண்டினால் அவர்களும் கையை விரித்துவிடுவார்கள்.

முதலில் பூட்டுங்கள். வேண்டியதை வேறொருவர் பொறுப்புக்கு மாற்றுங்கள். கடைசியாக நீக்குங்கள்.

ஆள் போகலாம், வியாபாரம் போகக் கூடாது!